கால்கட்டு

வலது கணுக்கால்
இந்த வருடத்தில் நான்காம் முறை மடங்கியது
சூலியா தெருவில்,
ஒரு பூட்டுக்கடைக்கும் அடுத்த காப்பிக்கடைக்கும் நடுவில்.
இரண்டுக்கும் ஒரே கூரைவரிசை.
தரை மட்டும் ஒரு சாண் வித்தியாசம்.

காக்கி லீமா, ஐந்தடி என்று பெயர்.
யார் காலால் அளந்தார்களோ.
ஒவ்வொரு கடைக்கும் தன் இஷ்டத்துக்கு ஓர் உயரம்,
நடுவே சாக்கடைப் பலகை, சாமிமாடம், கேஸ் சிலிண்டர்.
நான் தண்ணீர் மீட்டர் படிப்பவள்.
ஒரு நாளைக்கு நூற்று எண்பது வாசல்.
குந்தி, மூடி திறந்து, எண் பார்த்து, எழுந்து,
அடுத்த படி.

விழும்போது வலி முதலில் வருவதில்லை.
முதலில் ஒரு வெற்றிடம்,
படிகள் தீர்ந்தது தெரியாமல்
இன்னொரு படி இறங்குவதுபோல.
பிறகுதான் வலி. பிறகு வெட்கம்.
பிறகு காப்பிக்கடை அங்கிள் இழுத்துப் போடும்
சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்.

மருந்துக்கடையில் மூன்று வகை தொங்கின.

இருபத்தெட்டு ரிங்கிட்டுக்கு இழுத்து மாட்டும் எலாஸ்டிக் உறை.
வீட்டில் ஏற்கெனவே இரண்டு உண்டு.
வெதுவெதுப்பாய்க் கட்டிக்கொள்ளும்.
நான் மடங்கும்போது அதுவும் கூடவே மடங்கும்,
நல்ல சிநேகிதி.

இரு பக்கமும் கெட்டித் தகடு வைத்தது நூற்று அறுபது.
போட்டு நின்றால் கால் ஒரு தூண்.
தூணை என் வேலைச் சப்பாத்துக்குள் நுழைக்க முடியவில்லை.
குந்தவும் விடவில்லை.
குந்தாமல் இந்த ஊரில் யார் தண்ணீரை நான் அளப்பது?

மூன்றாவதில் நாடா கோக்க வேண்டும்,
மேலே இரண்டு பட்டையை எட்டுப்போலச் சுற்றி ஒட்ட வேண்டும்.
கட்டி முடிக்க நான்கு நிமிடம்.
நான்கு நிமிடத்தில் பெர்ரி போய்விடும்.

மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு
தனியாகச் சிரித்தேன்.
பாகான் ஆஜாம் அத்தை பத்து வருடமாக
எனக்கொரு கால்கட்டு தேடுகிறாள்.
அளவு கேட்டதே இல்லை.

பிசியோ ஃபிர்டௌஸ் கேட்டது வேறு.
சப்பாத்தைக் கழற்றுங்கள், காக்.
ஒற்றைக்காலில் நில்லுங்கள். கண்ணை மூடுங்கள்.
இடது, முப்பது நொடி.
வலது, மூன்று.
நார் தளர்ந்தது பாதிதான் என்றார்.
மீதிப் பாதி,
அந்தக் கால் தான் இருக்கும் இடத்தை
உங்களுக்குத் தாமதமாகச் சொல்கிறது.

தாமதம்தான்.
பதினாலு வயதில் வலைப்பந்துத் திடலில்
முதல்முறை மடங்கியபோது
மஞ்சள் பற்றுப் போட்டு மறுநாளே ஆடினேன்.
ஜெயித்தோம்.
கேடயம் பள்ளியில் இருக்கிறது.
கால் என்னிடம்.

நாடா வைத்ததைத்தான் வாங்கினேன்.
காலுறைக்கு மேல், வெறும் தோலில் அல்ல.
குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி உட்காரவைத்து, பிறகு கட்டு.
விரல் நீலமானால் அவிழ்.
வீட்டுக்கு வந்தால் கழற்று.
சப்பாத்து அரை அளவு பெரிதாய், அது தனிச் செலவு.
எண்பத்தைந்து ரிங்கிட்டைத் தவணையில் ஈடுகட்டலாம்.
நான்கு நிமிடத்துக்கு முன்னால்தான் எழ வேண்டும்.

மீதிப் பாதி எந்தக் கடையிலும் தொங்கவில்லை.
ஆறே முக்கால் பெர்ரியில்
கம்பியை ஒரு விரலால் தொட்டபடி
ஒற்றைக்காலில் நிற்கிறேன்.
மோட்டார்சைக்கிள்காரர்கள் பார்க்கிறார்கள்.
எதற்கெடுத்தாலும் ஒற்றைக்காலில் நிற்பவள் என்று
வீட்டில் எனக்குச் சின்ன வயதிலேயே பெயர்.
எந்தக் கால் என்று யாரும் பார்த்ததில்லை.

கடல் அசைகிறது, தளம் அசைகிறது,
கணுக்காலுக்குள் சின்னச் சின்னப் பதில்கள்,
சரியும் தப்புமாய்.
விரலை எடுக்கிறேன்.
எண்ணுகிறேன்.
இன்று பதினொன்று வரை வந்தேன்.
பன்னிரண்டில் பெர்ரி துறையில் இடித்தது.
அப்போது எல்லோரும்தான் தடுமாறினார்கள்.